புழு செத்த பிறகு

மூளைக்குள் குடியேறிய நாடாப்புழுவின் இளம்பருவம், உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. பட்டாணி அளவில் ஒரு நீர்ப்பை. அதற்குள் வெள்ளைப் புள்ளியாக ஒரு தலை. இந்த நிலையில் அது பல ஆண்டுகள் கிடக்கும். உடலின் காவல் அணுக்கள் தன்னை அடையாளம் காணாதபடி சில பொருள்களைச் சுரந்து மறைந்துகொள்ளும். வயதாகியோ மருந்தாலோ அது சாகத் தொடங்கும்போது மறைப்பு கிழிகிறது. அதுவரை கண்ணில் படாத அந்நியப் பொருளைக் காவல் அணுக்கள் சூழ்ந்து தாக்குகின்றன. சுற்றியுள்ள மூளைத்திசு வீங்குகிறது. நோயாளிக்கு முதல் வலிப்பு வருகிறது. வலிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் புழுவைவிட, புழுவின் சாவுக்கு உடல் காட்டும் எதிர்ப்புதான். இந்த எதிர்ப்பைத்தான் மருத்துவம் அழற்சி என்கிறது.

இதனால் மருத்துவருக்கு ஒரு சங்கடம். புழுவைக் கொல்லும் மருந்து கொடுத்தால் அழற்சி கூடும். கொடுக்காவிட்டால் புழு தன் போக்கில் எப்போது சாகும் என்று சொல்ல முடியாது. எனவே ஒரே சீட்டில் இரண்டு மருந்துகள் எழுதப்படுகின்றன. அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும். ஸ்டீராய்டு, அதாவது பிரெட்னிசோலோன் அல்லது டெக்சாமெத்தசோன், அந்தச் சாவினால் எழும் கொந்தளிப்பை அடக்கும். நோயின் பெயர் நியூரோசிஸ்டிசர்கோசிஸ். பேச்சுவழக்கில் ‘மூளையில் பூச்சி’.

பூச்சி மூளைக்குப் போகும் வழியைப் பற்றி ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பன்றிக்கறி தின்பவர்களுக்குத்தான் இது வரும் என்பார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியில் உள்ள நீர்ப்பையைத் தின்றவரின் குடலில் டேனியா சோலியம் என்ற நாடாப்புழு வளரும். இரண்டு முதல் நான்கு மீட்டர் நீளம்வரை போகும். அது குடல் தொல்லை, அவ்வளவுதான். அவருடைய மலத்தோடு வெளியேறும் முட்டைகள்தான் ஆபத்து. கழுவாத கையிலோ கீரையிலோ தண்ணீரிலோ ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், அந்த முட்டைகள் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு மூளைக்கும் தசைக்கும் கண்ணுக்கும் போகின்றன. ஆகவே பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்த நோய் வரலாம். வீட்டில் சமைப்பவர் குடலில் புழு இருந்தால் அதுவே போதும்.

இந்தியாவில் இந்த நோயின் முதல் பதிவு சென்னையிலிருந்து வந்தது. 1888-இல் வலிப்பு கண்டு இறந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் இந்த நீர்ப்பைகள் இருந்ததை ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் எழுதினார். அதன்பின் வந்த பெரிய சான்று பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து. இந்தியாவில் பணிபுரிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் பலருக்கு, ஆண்டுகள் கழித்து, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத வலிப்பு நோய் வந்தது. 450 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டிக்சன், லிப்ஸ்காம்ப் இருவரின் அறிக்கை 1961-இல் வெளியானது. தொற்றிய காலத்துக்கும் முதல் வலிப்புக்கும் இடையே பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகள்; சிலருக்கு முப்பது ஆண்டுகள்கூட. புழு இவ்வளவு காலம் சத்தமின்றிக் கிடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை.

அடுத்த திருப்பம் சி.டி. ஸ்கேன் வந்தபோது. 1980-களில் வலிப்போடு வந்த இந்திய நோயாளிகளின் மூளைப் படங்களில், சிறிய மோதிரம் போன்ற ஒற்றை வளையம் அடிக்கடி தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு. அது காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டினார்கள். நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கினார்கள். வளையம் மறைந்தது, மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். மருந்தே கொடுக்காமல் விட்டவர்களுக்கும் அதே வளையம் மறைந்தபோதுதான் சந்தேகம் எழுந்தது.

சந்தேகத்தைத் தீர்த்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள். அம்பத்தூர், ஆவடி நிலையங்கள் வழியாக மேற்கே போகும் ரயில்பாதையில், சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில் காட்பாடி, இறங்கினால் வேலூர். சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்தியத்துக்குப் போய்வரும் பாதை. அங்கே மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்த வளையங்களை அறுவை செய்து எடுத்து நுண்நோக்கியில் பார்த்தது. பெரும்பாலானவற்றில் இருந்தது காசநோயல்ல, செத்துக்கொண்டிருக்கும் புழுவும் அதைச் சூழ்ந்த அழற்சியும். 1991-இல் அந்த முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகளில், மண்டையைத் திறக்காமலேயே இரண்டையும் பிரித்தறியும் அளவுகோலையும் அதே குழு தந்தது: வளையம் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளியிருக்கக் கூடாது, நோயாளிக்கு மண்டையழுத்தமோ நாளுக்கு நாள் கூடும் கைகால் பலவீனமோ இருக்கக் கூடாது. இப்படி இருந்தால் அது பெரும்பாலும் பூச்சி; காசநோயாக இருக்க வாய்ப்பு குறைவு. எத்தனையோ பேருக்குத் தேவையற்ற அறுவையையும் தேவையற்ற காசநோய் மருந்தையும் இந்த எளிய அளவுகோல் மிச்சப்படுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து உலக மருத்துவத்துக்குப் போன நல்ல பங்களிப்புகளில் ஒன்றாக இதைச் சொல்லலாம். ஊரில் அதை அறிந்தவர் குறைவு.

அதே வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று 50,617 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2006-இல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு. அந்த ஆய்வில் பங்கேற்ற தொற்றுநோயியல் அறிஞர் ஜெயப்பிரகாஷ் முளியில், பின்னாளில் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் அறிவியல் ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்தார். கொரோனா நாள்களில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும்.

புழுவுக்கு மருந்து கிடைத்தது 1980 வாக்கில்: முதலில் பிராசிகுவாண்டல், சில ஆண்டுகளில் அல்பெண்டசோல். மருந்து தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது நாளில் நோயாளிகள் சிலருக்குத் தலைவலி, வாந்தி, மீண்டும் வலிப்பு. கொல்லாமல் விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்குமோ என்ற வாதம் மருத்துவ இதழ்களில் இருபது ஆண்டுகள் ஓடியது. சாகப்போகும் புழுவை அவசரமாகக் கொல்வானேன் என்றது ஒரு தரப்பு. வேலூர் மருத்துவர்களும் ஒற்றை வளையத்துக்குப் பல நேரம் வலிப்பு மருந்தை மட்டும் கொடுத்து, சில மாதங்கள் கழித்து மறு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு வளையம் தானாகவே மறைந்திருந்தது.

உயிருள்ள நீர்ப்பைகள் விஷயத்தில் வாதத்தை ஓரளவு முடித்துவைத்தது பெரு நாட்டில் ஹெக்டர் கார்சியா குழுவினர் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு. 120 நோயாளிகள். ஒரு பாதிக்குப் பத்து நாள்களுக்கு, நாளொன்றுக்கு 800 மி.கி. அல்பெண்டசோலும் 6 மி.கி. டெக்சாமெத்தசோனும், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. மருந்து பெற்றவர்களுக்குப் பிந்தைய மாதங்களில் உடல் முழுதும் உதறும் வலிப்பு 67 விழுக்காடு குறைந்தது. அல்பெண்டசோல் தனியாகவா, ஸ்டீராய்டு தனியாகவா, இரண்டும் சேர்ந்ததாலா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது, கொடுத்தது கூட்டாகத்தான். ஒற்றை வளையத்தில் ஸ்டீராய்டு மட்டும் என்ன செய்யும் என்று லக்னோவில் ஆர்.கே. கார்க் முதலானோர் 2003-இல் பார்த்தார்கள். குறுகிய காலம் பிரெட்னிசோலோன் பெற்றவர்களுக்கு வளையம் விரைவாக மறைந்தது. அழற்சியை அடக்குவது துணை வேலை மட்டுமல்ல, பாதி வைத்தியமே அதுதான் என்பது இதிலிருந்து புரியும்.

இன்றைய நடைமுறையில் வரிசை முக்கியம். ஸ்டீராய்டு முதலில் தொடங்கும்; அதன் பிறகே அல்பெண்டசோல். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மி.கி. என்ற அளவில், இரண்டு வேளையாக, பத்து முதல் பதினான்கு நாள். பள்ளிக்கூடங்களில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகள் சப்பித் தின்னும் மாத்திரையும் இதே மருந்துதான். ஆனால் அங்கே 400 மி.கி. ஒரே ஒரு முறை. பெயர் ஒன்று என்பதால் வீட்டிலிருக்கும் பூச்சி மாத்திரையை எடுத்து மூளைப் பூச்சிக்கு விழுங்குவது வைத்தியமாகாது. நீர்ப்பைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அல்பெண்டசோலோடு பிராசிகுவாண்டலையும் சேர்ப்பதை அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

இந்த மருந்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே வேலை செய்வதில்லை. கூட்டு மருத்துவத்தின் சுவையும் சிக்கலும் இங்கேதான் இருக்கின்றன. அல்பெண்டசோல் வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் ரத்தத்தில் போதிய அளவு சேரும். வயிற்றுப் பூச்சி மருந்தை வெறும் வயிற்றில் தின்று பழகிய ஊரில் இதை மெனக்கெட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெக்சாமெத்தசோன் சேர்ந்தால் ரத்தத்தில் அல்பெண்டசோலின் செயல்படும் வடிவம் கூடுகிறது: அழற்சியை அடக்க வந்த மருந்து, கொல்லும் மருந்துக்கும் கை கொடுக்கிறது. பிராசிகுவாண்டலோடு அதே டெக்சாமெத்தசோன் சேர்ந்தால் கதை தலைகீழ். ரத்தத்தில் பிராசிகுவாண்டல் குறைந்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், கார்பமசெபைன் இரண்டும் ஈரலை முடுக்கிவிட்டுப் பூச்சி மருந்துகளை விரைவில் கரைத்துவிடும். லெவடிராசிட்டம் போன்ற புதிய வலிப்பு மருந்துகளில் அந்தத் தொல்லை குறைவு. ஆக ஒரு நோயாளியின் சீட்டில் மூன்று மருந்து இருந்தால், மூன்றும் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதையும் மருத்துவர் கேட்டாக வேண்டும்.

கொல்லவே கூடாத நேரமும் உண்டு. நீர்ப்பைகள் நூற்றுக்கணக்கில் இருந்து மூளை ஏற்கெனவே வீங்கியிருந்தால், அத்தனை புழுக்களையும் ஒன்றாகச் சாகடிப்பது நோயாளியையே கொன்றுவிடக்கூடும். அங்கே ஸ்டீராய்டு மட்டும்தான். கண்ணுக்குள் புழு இருந்தால், அது சாகும்போது எழும் அழற்சி பார்வையைப் பறித்துவிடும்; எனவே மருந்து தொடங்குமுன் கண் பரிசோதனை கட்டாயம். 2019-இல் ஃபரிதாபாத் இ.எஸ்.ஐ. மருத்துவமனை மருத்துவர்கள் 18 வயது இளைஞர் ஒருவரின் நிலையை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். மூளை முழுதும் நீர்ப்பைகள், கண்ணிலும். பூச்சி மருந்து அழற்சியைக் கூட்டிப் பார்வையைப் போக்கிவிடும், மூளையை வீங்கவைத்துவிடும் என்று கொடுக்கவில்லை. டெக்சாமெத்தசோனும் வலிப்பு மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அவர் இறந்தார். அந்த எம்.ஆர்.ஐ. படம் பிறகு உலகமெங்கும் சமூக ஊடகத்தில் சுற்றியது, பன்றிக்கறிமேல் பழி போடும் தலைப்புகளோடு.

அழற்சியை அடக்க ஸ்டீராய்டுதான் வேண்டுமா, தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் போதாதா? மூளைப் பூச்சிக்குப் போதாது. மூளை வீக்கத்தை வடியவைக்கும் வலு அவற்றுக்கு இல்லை. ஆனால் வேறொரு ஒட்டுண்ணி நோயில் இந்தச் சாதாரண மாத்திரைகள் கவனம் பெற்றிருக்கின்றன. அது தென் அமெரிக்காவின் சாகஸ் நோய்.

பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் 1909-இல் கண்டறிந்த நோய் அது. டிரிப்பனோசோமா குரூசி என்ற ஒற்றைச் செல் உயிரி, மண்சுவர் வீடுகளின் விரிசலில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் பூச்சியின் எச்சத்தின் மூலம் தொற்றுகிறது. உலகில் சுமார் 70 லட்சம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மூன்றில் ஒரு பங்கினருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயம் பழுதாகும். அந்தப் பூச்சியினத்தின் ஒரு வகை இந்தியாவிலும் உண்டு; ஆனால் இங்கே சாகஸ் கிருமி பரவவில்லை. இருக்கும் மருந்துகள் இரண்டே: பென்ஸ்னிடசோல், நிஃபுர்டிமாக்ஸ், இரண்டும் அரை நூற்றாண்டுப் பழையவை, சுமார் இரண்டு மாதம் சாப்பிட வேண்டியவை, பக்கவிளைவு மிகுந்தவை. ஏற்கெனவே இதயம் பாதிக்கப்பட்ட 2,854 பேரிடம் பென்ஸ்னிடசோலைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. ரத்தத்தில் கிருமி குறைந்தது. இதய நோயின் போக்கு மாறவில்லை.

இங்கும் கேள்வி அதேதான். கிருமி கொஞ்சம், கிருமிக்கு எதிரான அழற்சி அதிகம் என்றால், கிருமியை மட்டும் கொல்வதில் எவ்வளவு பயன்? ஆஸ்பிரினை பென்ஸ்னிடசோலோடு சேர்த்துக் கொடுத்துச் சோதனைக்கூட அணுக்களிலும் சுண்டெலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் ஒரு நொதியின் வேலையை மாற்றி, அழற்சியைத் தணிக்கும் சில கொழுப்புப் பொருள்களை உடல் சுரக்கச் செய்கிறது. சில சோதனைகளில் அதனால் கிருமி மருந்தின் வலு கூடியது, இதயச் சேதம் குறைந்தது. வேறு சில சோதனைகளில், தொற்றின் தொடக்க நாள்களில் இவ்வகை மாத்திரை கொடுத்த எலிகள் கூடுதலாகச் செத்தன. அளவும் நேரமும் கிருமியின் வகையும் மாறினால் முடிவும் மாறுகிறது. எலியிலிருந்து மனிதருக்கு இது இன்னும் வந்து சேரவில்லை. மூளைப் பூச்சிக்கு நாற்பது ஆண்டுகளில் கிடைத்த தெளிவு சாகஸ் நோய்க்கு இல்லாததன் காரணம் ஓரளவு எளிது: மூளையில் ஒரு வளையத்தை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம், இதயத் தசையில் இருபது ஆண்டுகளாக நடப்பதை அப்படிப் பார்க்க முடியாது.

கொல்வதையும் தணிப்பதையும் சேர்த்துச் செய்யும் பழக்கம் ஆவடிப் பகுதிக்குப் புதிதல்ல. அயப்பாக்கம் நிறுவனம் 1999-இல் உருவானபோது அதில் இணைந்த இரண்டு அமைப்புகளில் ஒன்று, ஆவடியில் இயங்கிவந்த ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு. சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் சேர்த்துத் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு அந்தப் பிரிவினுடையது. தொழுநோய்க் கிருமி ஒட்டுண்ணி அல்ல, பாக்டீரியா. ஆனாலும் நடப்பது ஒன்றே. கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும்போதே சிலருக்குத் திடீரென்று தோல் சிவந்து, முழங்கை நரம்பு புடைத்து, விரல்கள் மடங்கத் தொடங்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி நிறுத்திவிடுவார். நிறுத்தக் கூடாது; அதோடு பிரெட்னிசோலோனையும் சேர்க்க வேண்டும், நாளுக்கு 40 மி.கி.யில் தொடங்கி மெல்ல மெல்லக் குறைத்துப் பன்னிரண்டு வாரம். காலந்தாழ்ந்தால் நரம்பு போய்விடும். யானைக்கால் மாத்திரை தின்ற இரவில் சிலருக்குக் காய்ச்சல் வருவதும் இதே காரணத்தால்தான்: உள்ளே புழுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

ஸ்டீராய்டைச் சேர்ப்பதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. அது உடலின் காவலைப் பொதுவாகவே தளர்த்திவிடும். எந்த எதிரிக்காக என்று பிரித்துத் தளர்த்தாது. மறைந்திருக்கும் காசநோய் கிளம்பலாம், சர்க்கரை ஏறும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற இன்னொரு குடற்புழு ஏற்கெனவே உள்ளே இருந்தால், ஸ்டீராய்டு பட்டவுடன் பெருகி உடலெங்கும் பரவி உயிரைக் குடிக்கும். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே ஐவர்மெக்டின் கொடுத்து அதைத் தீர்த்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மறுபடி பத்து மாத்திரை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இந்த மருந்தில் ஆபத்தானது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்திலோ பிரஸ்ஸிலோ நிற்கும் தொழிலாளிக்கு வலிப்பு வந்தால், நோயைவிட முதலில் வேலைதான் கேள்வியாகும். அருகிலிருப்பவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அதனால் பயன் இல்லை. இயந்திரத்திலிருந்து விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பதே உதவி. காரணம் ஒற்றை வளையம் என்று ஸ்கேனில் தெரிந்தால் அது நல்ல செய்தி என்றே சொல்லலாம். வளையம் மறைந்து, சில மாதங்கள் வலிப்பும் இல்லாமல் போனால், பலருக்கு வலிப்பு மாத்திரையையும் மெல்ல நிறுத்திவிட முடிகிறது. ஆயுள் முழுக்க மாத்திரை என்று பயந்து வந்தவர்கள் ஓரிரு ஆண்டில் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

எல்லோருக்கும் வளையம் மறைந்துவிடுவதில்லை. சிலருக்குச் செத்த புழு இருந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்து, ஸ்கேனில் அரிசிமணிபோல வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். அதை ஆறிய தழும்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆண்டுகள் கழித்து வலிப்போடு திரும்பி வந்த சிலரின் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தச் சுண்ணாம்புப் புள்ளியைச் சுற்றிப் புதிதாக நீர் கோத்திருந்தது. புழு எப்போதோ செத்துவிட்டது. கொல்ல இனி எதுவும் இல்லை. உடல் மட்டும் அதன் எச்சத்தோடு அவ்வப்போது சண்டை போடுகிறது. அங்கே அல்பெண்டசோலுக்கு வேலையில்லை. வலிப்பு மருந்தைத் தொடர்கிறார்கள். ஸ்டீராய்டைக் கொடுத்து நிறுத்தினால் வீக்கம் முன்னைவிட வேகமாகத் திரும்பியதும் உண்டு என்பதால், அதைத் தொடுமுன் தயங்குகிறார்கள்.